ஸ்லீவ் முடிந்து 14 மாதம்: தொங்கும் தோலை எடுப்பது முதலிலா, குழந்தை முதலிலா?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். விவரம் மட்டும் தருகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயது 32, உயரம் 158 செ.மீ. ஸ்லீவ் ஆபரேஷனுக்கு (எடை குறைய இரைப்பையைக் குறுக்குவது) முன் 117 கிலோ, இப்போது 71. ஆபரேஷன் முடிந்து 14 மாதம் ஆகிறது. கடைசி மூன்று மாத எடை 74, 72, 71. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தது, எடை இறங்கிய பிறகு மாதவிலக்கு 30, 32 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறது. இன்னும் குழந்தை இல்லை. இரண்டு வேண்டும் என்று திட்டம். கர்ப்பத்தடைக்கு இப்போது மாத்திரை.

அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்கி, உட்கார்ந்தால் தொடைமேல் விழுகிறது. மடிப்புக்குள் சித்திரையிலிருந்து மூன்று முறை புண், அரிப்பு, நாற்றம். தொப்புளில் சின்ன ஹெர்னியா, ஸ்கேனில் 1.5 செ.மீ., வலி இல்லை. மேல்கை, தொடை, மார்பு எல்லாமே தொய்ந்திருக்கிறது.

பிளாஸ்டிக் சர்ஜன் இரண்டு தவணையாகச் செய்யலாம் என்கிறார்: முதலில் வயிறும் மார்பும், ஆறு மாதம் கழித்துக் கையும் தொடையும். மகப்பேறு டாக்டர், "முதல்ல குழந்தையைப் பெத்துக்கம்மா, தோல் எங்கயும் ஓடிப் போகாது" என்கிறார். இரண்டு பேரும் அவரவர் பக்கம் சரியாகத்தான் பேசுகிறார்கள் போலிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

போன வார ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு) 8, பி12 210, வைட்டமின் டி 17.

---

தையல்நூல்

வயிறு, மார்பு, கை, தொடை நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதால்தான் குழப்பம். பிரித்துப் பார்த்தால் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

கர்ப்பத்தால் கெட்டுப்போகிற இடம் வயிறும் மார்பும். மேல்கைக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை. ஆக உங்கள் சர்ஜன் சொன்ன வரிசை, இரண்டு பிள்ளை வேண்டும் என்கிறவருக்குத் தலைகீழ். முதலில் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் அது கை. வயிறும் மார்பும் கடைசி.

காரணத்தை விளக்குகிறேன். வயிற்றுக்குச் செய்யும் டம்மி டக் என்றால் தோலை வெட்டித் தைப்பது மட்டும் அல்ல. இடுப்பு எலும்பிலிருந்து மறு இடுப்பு எலும்பு வரை கீறி, தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரை உரித்துத் தூக்குவார்கள். நடுக்கோட்டின் இருபுறமும் ஓடும் நேர்த்தசைகள் எடை ஏறியபோது விலகியிருக்கும். அவற்றின் உறையை மார்பெலும்பு முனையிலிருந்து கீழ்வரை இழுத்து மடித்துத் தைப்பார்கள். பிறகு உபரித் தோலை வெட்டி, தொப்புளுக்குப் புது ஓட்டை போட்டு வெளியே எடுப்பார்கள். தட்டையான வயிறு கிடைப்பது பெருமளவு அந்த உள்தையலால்தான். கர்ப்பப்பை வளரும்போது அழுத்தம் நேராக அந்தத் தையல்மேல் விழுகிறது. நூல் கரையாததாக இருந்தாலும் திசு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். தசை மறுபடி விலகும், தோல் மறுபடி தொய்யும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

எடை மிக இறங்கியவர்களுக்கு இது கூடுதல் சிக்கல். நீட்டி நீட்டி மீள்தன்மை போன தோல் உங்களுடையது. பழைய உள்பாடியின் எலாஸ்டிக் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இழுத்தால் திரும்பிச் சுருங்காது. அப்புறம் இரண்டாவது முறை வெட்ட வேண்டிவரும். அதே தழும்பின் வழியாக, ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்த தோலில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றித்தான் பயம் காட்டுகிறார்கள்: டம்மி டக் செய்த பிறகு கர்ப்பமானால் குழந்தை நசுங்காது. முழு மாதம் சுமந்து சுகப்பிரசவமும் ஆகிறது, சிசேரியனும் ஆகிறது. மேல்வயிற்றில் இறுக்கம், கடைசி மாதங்களில் மூச்சு முட்டுவது போன்ற தொல்லை வரலாம். பாழாவது பணமும் வடிவமும்தான். ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் குறைந்தது ஒரு வருடம் தள்ளிக் கர்ப்பமாவது நல்லது. தழும்பு முதிர அவ்வளவு நாள் பிடிக்கும்.

மார்புக்கும் இதே நியாயம். கர்ப்பத்தில் பெருக்கும், பால் நின்றதும் வற்றும். தூக்கி நிறுத்திய வடிவம் நிலைக்காது. அதைவிட முக்கியம் தாய்ப்பால். மார்பைத் தூக்கும்போது காம்பை அதன் கீழுள்ள பால்சுரப்பித் திசுவோடு சேர்த்தே நகர்த்தினால் பால் கொடுக்கும் வாய்ப்பு மிச்சம் இருக்கும். காம்பைத் தனியாக வெட்டி ஒட்டும் முறை என்றால் அந்த வாய்ப்பு போனது. எந்த முறை என்று சர்ஜனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

இத்தனையும் பேசிய பிறகு ஒரு விஷயம். உங்களுக்கு இன்று வயிறும் இல்லை, கையும் இல்லை, கர்ப்பமும் இல்லை. 9.8 ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு எதையும் தொடங்கக் கூடாது. எடையும் இன்னும் நிற்கவில்லை. மூன்று மாதத்தில் மூன்று கிலோ இறங்குகிறது. தோல் சர்ஜரிக்கு எடை ஒரே இடத்தில் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் நிற்க வேண்டும். இப்போது வெட்டினால், அடுத்த ஐந்து கிலோ இறங்கும்போது வெட்டிய இடமே திரும்பத் தொங்கும்.

---

பேறுகால டைரி

தையல்நூல் சொன்னதை ஒட்டியே, பிரசவத் தரப்பிலிருந்து.

எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பது பொதுவான வழிகாட்டல்; சிலர் 24 வரை இழுப்பார்கள். எடை வேகமாக இறங்குகிற காலத்தில் உடம்பே பட்டினியில் இருக்கிறது, கருவுக்கு எங்கிருந்து தரும்? 2015-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், ஆபரேஷன் செய்துகொண்ட தாய்மாருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை 1.9 சதவீதம்தான், அதே பருமனில் ஆபரேஷன் செய்யாதவர்களுக்கு 6.8. ஆனால் கர்ப்ப வாரத்துக்குரிய எடை இல்லாத சின்னக் குழந்தைகள் 15.6 சதவீதம், எதிர்த்தரப்பில் 7.6. நல்லதும் உண்டு, விலையும் உண்டு. அதனால் 28 வாரத்திலிருந்து மாதம் ஒரு வளர்ச்சி ஸ்கேன் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை பற்றி. ஸ்லீவ் என்பதால் கருத்தடை மாத்திரை உடம்பில் சேர்வதில் பெரிய குறை இல்லை. இரைப்பை பைபாஸ் (குடலை மாற்றி இணைப்பது) ஆனவர்கள்தான் மாத்திரையை நம்பக் கூடாது. ஆனால் வாந்தி, பேதி வந்த வாரம் யாருக்கும் உத்தரவாதம் கிடையாது. பி.சி.ஓ.டி. காரர்களுக்கு எடை இறங்கியதும் கருமுட்டை வெளிவருவது சட்டென்று ஒழுங்காகிவிடும். "எனக்குத்தான் நிக்காதே" என்ற பழைய நினைப்பில் இருப்பவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த சில மாதத்திலேயே கரு நின்றுவிடுவதும் உண்டு. காப்பர் டி போட்டால் ரத்தப்போக்கு கூடும். ஃபெரிட்டின் 8 உள்ளவருக்கு அது ஆகாது. ஹார்மோன் உள்ள கருப்பை வளையம் ரத்தப்போக்கைக் குறைக்கும், எடுத்த உடனே கருத்தரிக்கலாம். ஆனால் சில மாதத்துக்காக அதைப் போடுவது செலவுக்குத் தகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி வேண்டாம். எடை ஏறும், நிறுத்திய பிறகும் கருத்தரிக்க மாதக்கணக்கில் தாமதமாகும்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிடுபவர் எந்தப் பெரிய தோல் சர்ஜரிக்குப் போனாலும் நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், காலில் ரத்தம் கட்டும் ஆபத்து கூடும் என்பதால். அந்த நான்கு வாரத்தில் வேறு தடை இல்லாமல் கர்ப்பமாகி, ஆபரேஷன் மேசைக்கு வந்து நிற்பதும் நடக்கும். அதனால்தான் அன்று காலையில் சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கர்ப்பமான பிறகு மூன்று இடத்தில் வாயைத் திறந்து "எனக்கு ஸ்லீவ் ஆகியிருக்கு" என்று சொல்லியே ஆக வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட் முதலாவது. நம்மூரில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று பொருள். குறுக்கிய இரைப்பையில் அத்தனை சர்க்கரை ஒரே மூச்சில் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வாந்தி, பேதி, சமயத்தில் மயக்கமே வரும். பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் உண்டு. முடிவையும் நம்ப முடியாது. பதிலுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்து, காலை வெறும் வயிற்றிலும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பார்த்து எழுதிக் கொண்டுபோய்க் காட்டலாம். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்ட ஒரு மணியில் 140-க்குக் கீழ், இரண்டு மணியில் 120-க்குக் கீழ் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மசக்கை வாந்தி. இது உயிர் விஷயம். வாந்தி நிற்காமல் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால் முதல் காரியமாகக் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடுவார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தயமின், அதாவது பி1, கையிருப்பு சுலபத்தில் தீர்ந்துவிடும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சம் மீதியும் செலவாகி மூளை பாதிக்கும்: கண் ஓரிடத்தில் நிற்காது, நடை தள்ளாடும், பேச்சு குழறும். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். இதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வயிற்று வலி. இது முக்கியமாகப் பைபாஸ்காரர்களுக்கு: கர்ப்பப்பை குடலை மேலே தள்ளும்போது உள்ளே இருக்கும் இடுக்கில் குடல் மாட்டிக்கொள்ளலாம். "சூட்டு வலி" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காமல், பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) சர்ஜன் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும்.

---

கொள்ளுரசம்

9.8, 8, 210, 17. இந்த நாலு எண்ணைப் பத்தி மட்டும் பேசுறேன்.

ஃபெரிட்டின் 8-ன்னா கிடங்கு காலி. ஸ்லீவுக்கு அப்புறம் அமிலம் குறைவு, இரும்பு ஏறாது. அதுக்கு மேல நெஞ்செரிச்சலுக்குப் பேண்டோபிரசோல் தினமும் போட்டா இன்னும் ஏறாது. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே டப்பால போட்டு ஒண்ணா முழுங்குறதுதான் நிறைய வீட்டுல நடக்குது. ஒண்ணை ஒண்ணு தடுத்துடும். ரெண்டு மணி நேர இடைவெளி வேணும். காபி, டீக்கும் அதே இடைவெளி. ஆபரேஷன் ஆன, மாதவிலக்கு வர்ற பெண்களுக்குத் தினம் 45 முதல் 60 மில்லிகிராம் தனி இரும்பு, அது வெறும் பராமரிப்பு அளவு. அட்டையில போட்டிருக்கிற உப்போட எடையைப் பாக்காதீங்க, "தனி இரும்பு" (elemental iron) எவ்வளவுன்னு பாருங்க. நீங்க இருக்கிற நிலைக்கு மாத்திரையோட மல்லுக்கட்டுறதை விட நரம்பு வழி இரும்பு கேளுங்க. கர்ப்பமான முதல் மூணு மாசம் அதைப் போட மாட்டாங்க, அதனால இப்பவே முடிச்சுக்கறது புத்திசாலித்தனம். போட்டு நாலு வாரத்துல ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கியிருக்கணும். ஏறலைன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம், தேடணும்.

பி12 210: மாசம் 1000 மைக்ரோகிராம் ஊசி, இல்லைன்னா தினம் 350-லிருந்து 1000 வரை மாத்திரை. ஃபோலிக் மட்டும் கொடுத்து பி12-ஐ விட்டுட்டா ரத்தம் சரியான மாதிரி காட்டும், நரம்பு உள்ளுக்குள்ள கெடும். ஃபோலிக் அமிலம் 800 மைக்ரோகிராம் தினமும், கருத்தரிக்கிறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டுற எண்) 30 தாண்டினவங்க, சர்க்கரை உள்ளவங்க 5 மில்லிகிராம் போடணும். நீங்க 28 சொச்சம், உங்களுக்கு எதுன்னு டாக்டர் சொல்லட்டும்.

கால்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், சிட்ரேட் வகை, ஒரு வேளைக்கு 500-க்கு மேல வேண்டாம். வைட்டமின் டி 30-ஐத் தாண்டணும்.

மல்டிவைட்டமின் டப்பாவைத் திருப்பி, வைட்டமின் ஏ எந்த உருவத்துல இருக்குன்னு படிங்க. ரெட்டினால்னு இருந்தா கர்ப்பத்துக்கு முன்னாடியே மாத்திக்கணும், அளவு கூடினா சிசுவுக்குக் கெடுதல். பீட்டா கரோட்டின்னா பிரச்சினை இல்லை.

புரதம் சாதாரணமா நாளைக்கு 60 கிராமாவது. தோல் சர்ஜரிக்குப் போறவங்க அதுக்கு முன்னாடியிருந்தே 70 முதல் 100 வரை போகணும், இல்லைன்னா தையல் ஒட்டாது. ரெண்டு இட்லியில உங்க வயிறு ரொம்பிடும், அதுல புரதம் நாலு கிராம் தேறினாப் பெரிசு. முட்டைக்கு 6, பால் 100 மில்லிக்கு 3, பன்னீர் 100 கிராமுக்கு 18, வெந்த கோழி 100 கிராமுக்கு 27 சுமார். தட்டுல முதல் வாய் புரதம், கடைசி வாய் சோறு. சாப்பாட்டோட தண்ணி குடிச்சு இடத்தை அடைக்காதீங்க.

இன்னொண்ணு. கர்ப்பத்துல எடை ஏறுறதைப் பாத்துப் பதறிப் பட்டினி கிடக்கிறவங்க உண்டு. 46 கிலோ இறக்கினவங்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். ஆனா உங்க பி.எம்.ஐ.க்கு 7 முதல் 11.5 கிலோ ஏறணும். ஏறாட்டிதான் கவலை.

---

நேர்ப்பேச்சு

எல்லோரும் "பிள்ளை முதலில்" என்று ஒரே பாட்டுப் பாடுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். இரண்டு பிள்ளை, இடையில் இரண்டு வருட இடைவெளி, தாய்ப்பால், எடை நிற்பது என்று கூட்டினால் வயிற்றுச் சர்ஜரிக்கு 38 வயது ஆகிவிடும். ஆறு வருடம் மடிப்புக்குள் புண்ணோடு வாழச் சொல்வது, அதைச் சுமக்காதவர்களுக்குச் சுலபம். கல்யாணமே ஆகாதவர், நான்கைந்து வருடம் குழந்தை வேண்டாம் என்பவர், இவர்களிடம் "பிறகு பார்க்கலாம்" என்பது அநியாயம். எதிர்காலத்தில் பாதி கெடும் என்பதற்காக இன்று வேண்டாம் என்றால் யாரும் பல் கூடக் கட்ட முடியாது.

---

தையல்நூல்

நேர்ப்பேச்சு சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். நான்கைந்து வருடம் தள்ளிப்போடுபவர் முழு டம்மி டக்கே செய்துகொள்ளலாம், பிறகு சின்னத் திருத்தம் வேண்டியிருக்கும் என்று தெரிந்தே. ஆனால் வைகைக்கரைக்கு 32, பி.சி.ஓ.டி., இரண்டு குழந்தை. தோல் காத்திருக்கும், கருமுட்டை காத்திருக்காது. இப்போதிலிருந்து கணக்குப் போடுங்கள்: இரும்பு, எடை எல்லாம் சரியாக நாலு மாதம், டம்மி டக், அதற்குப் பின் 12 மாதம், அப்புறம்தான் முயற்சி. முதல் குழந்தைக்கே 34 ஆகிவிடும்.

நடுவழி ஒன்று இருக்கிறது, அதை இங்கே யாரும் சொல்லவில்லை. பானிகுலெக்டமி. தொங்கும் முந்தானையை மட்டும் வெட்டி எடுப்பது. மேலே உரிப்பதில்லை, தசையைத் தைப்பதில்லை, பெரும்பாலும் தொப்புளைத் தொடுவதில்லை. அழகுக்கான ஆபரேஷன் அல்ல. மேல்வயிறு அப்படியே இருக்கும். ஆனால் புண் வரும் மடிப்பு போய்விடும். தசைத் தையல் இல்லாததால் கர்ப்பத்தில் கெட அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. உரிக்கும் பரப்பு குறைவு என்பதால் பின்னால் முழு டம்மி டக் செய்யவும் தோலின் ரத்த ஓட்டம் மிச்சம் இருக்கும். மூன்று மாதம் முறையாக மருந்து போட்டும் புண் அடங்கவில்லை, நடக்க முடியவில்லை என்றால் குழந்தைக்கு முன்பே இதைச் செய்யலாம். அடங்கினால் வேண்டாம்.

ஹெர்னியா 1.5 செ.மீ., வலி இல்லை என்றால் தள்ளிப்போடலாம், பின்னால் டம்மி டக்கோடு சேர்த்து முடிக்கலாம். திடீரென்று கெட்டியாகி, உள்ளே தள்ளினால் போகாமல், வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

டம்மி டக்கில் என்ன தப்பாகப் போகலாம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதிகம் வருவது சீரோமா. உரித்த தோலுக்கும் தசைக்கும் நடுவே நிணநீர் தேங்கி, தட்டினால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பும். ஊசியால் வாரம் ஒருமுறை இழுக்க வேண்டியிருக்கும். அதைத் தடுக்கத்தான் டிரெயின் குழாய். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழ் வரும்வரை எடுப்பதில்லை. "குழாய் தொந்தரவா இருக்கு" என்று அடம்பிடித்து முன்கூட்டியே எடுக்க வைப்பவர்கள் பிறகு ஊசிக்கு வருவார்கள். அடுத்தது தையல் பிரிவது. நடுவிலும் நெட்டாக வெட்டியிருந்தால், அந்த நெட்டுத் தழும்பும் கீழே குறுக்குத் தழும்பும் சந்திக்கும் முனையில்தான் முதலில் கறுக்கும், ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. ஹீமோகுளோபினும் புரதமும் குறைந்தவர், புகை பிடிப்பவர், இவர்களுக்கு அந்த முனை நிச்சயமில்லை.

முதல் வாரம் கூன் போட்டபடிதான் நடக்க வேண்டும், படுக்கும்போது முதுகும் முழங்காலும் தலையணையால் உயர்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். ஆறு வாரம் கம்ப்ரஷன் பெல்ட். ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் மட்டும் அல்ல, பிள்ளையும் அந்தக் கணக்கில் வரும். அதனால் பிரசவத்துக்குப் பின் செய்துகொள்பவர்கள், குழந்தை தானாக நடந்து கட்டிலில் ஏறும் வயது வரும்வரை காத்திருப்பது நல்லது. வயிற்றுக்குப் பிரசவம் முடிந்து குறைந்தது ஆறு மாதம், மார்புக்குப் பால் முழுக்க நின்று ஆறு மாதம்.

---

வைகைக்கரை

ரொம்ப நன்றி. இரும்பு முதலில் என்பது புரிந்தது, நாளைக்கே கேட்கிறேன். இரண்டு சந்தேகம். சிசேரியன் ஆனால், வயிறு திறந்திருக்கும்போதே தோலையும் சேர்த்து எடுத்துவிடலாமா? ஒரே மயக்க மருந்து, ஒரே செலவு என்று வீட்டில் கேட்கிறார்கள். இன்னொன்று, புண்ணுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிடப் பரவி வருகிறது. தொடரலாமா?

---

பேறுகால டைரி

சேர்த்துச் செய்வது வேண்டவே வேண்டாம். பிரசவ நேரத்தில் தோல் நீர் கோத்துப் பெருத்திருக்கும், கர்ப்பப்பை இன்னும் தொப்புள் உயரத்தில் நிற்கும். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அளக்கவே முடியாது. ரத்த இழப்பு ஏற்கெனவே ஆகியிருக்கும், காலில் ரத்தம் கட்டும் ஆபத்தும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களில்தான் உச்சம். அதன்மேல் ஒரு பெரிய ஆபரேஷன். பிறகு வயிறு சுருங்கும்போது வெட்டிய இடம் கோணலாகத் தொங்கும். பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்க நிமிர முடியாமல் டிரெயின் பையோடு உட்காருவதை வீட்டில் உள்ளவர்கள் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கட்டும்.

தோல் தொங்குகிறது என்பது மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை. சிசேரியன் ஆகிவிட்டால் கீறல் மடிப்புக்கு அடியில் வரும், அங்கேதான் ஈரம் சேரும். மடிப்பைத் தூக்கிவிட்டு ஒரு நாளைக்கு மூன்று முறை துடைத்து, உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியை இடையில் வைக்க வேண்டும். கசிவு, நாற்றம், சிவப்பு கண்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

---

கிளெய்ம் ஃபைல்

செலவு பற்றி ஒரு வார்த்தை. உடல் எடை ஆபரேஷனுக்குக் காப்பீடு கிடைத்தது என்பதால் தோலுக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அழகு சார்ந்த பிளாஸ்டிக் சர்ஜரி நிலையான விலக்குப் பட்டியலில் இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும், உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்க மருத்துவர் எழுதித் தருவதும்தான் விதிவிலக்கு. டம்மி டக் என்று எழுதினால் அங்கேயே முடிந்தது. பானிகுலெக்டமிக்கு வாதாட இடம் உண்டு, காகிதம் இருந்தால். ஒவ்வொரு முறை புண் வரும்போதும் தோல் மருத்துவரிடம் போய்த் தேதியோடு குறிப்பு, மருந்துச் சீட்டு, மடிப்பைத் தூக்கியும் தூக்காமலும் எடுத்த படம் என்று இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மருத்துவத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அழகு சர்ஜரிக்கு 18 சதவீதம் உண்டு. மதிப்பீட்டில் அது சேர்ந்ததா என்று பாருங்கள். அரசு பக்கம், சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் இரண்டிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது. புண் ஆறாத மடிப்பைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம்.

---

தையல்நூல்

அந்த டியூப்தான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு நாளில் அடங்கி, நிறுத்தினால் பரவுகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது. டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், இவற்றில் ஒன்று இருந்தால் அதுதான். பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, சிவப்பை அமுக்க ஸ்டீராய்டு என்று கலந்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு சிவப்பை மறைக்கும், பூஞ்சை அடியில் பரவும், மடிப்புத் தோல் மெலிந்து கோடு கோடாகக் கிழியும். நாளைக்கு அந்தத் தோலில்தான் யாராவது தையல் போடவேண்டும். அதை நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரிடம் டியூபையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். நிறுத்திய முதல் வாரம் கூடுதலாகச் சிவக்கும், பயந்து திரும்பப் போடாதீர்கள். வெறும் பூஞ்சை மருந்து (க்ளோட்ரிமசோல்) மட்டும் உள்ளது போதும் என்று அவர் சொல்லக்கூடும். புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பூஞ்சைக்கு வாய்வழி மாத்திரை எழுதினால், கருத்தரிக்க முயலப்போவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றித் துடைத்து, ஹேர் டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்து ஒரு நிமிடம் காட்டுங்கள். பவுடர் வேண்டாம், வியர்வையில் குழைந்து பசையாகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.